மதம் என்ற இடத்தில் ஒரு கோடு

சேர்க்கைப் படிவத்தில்
மதம் என்ற இடத்தில் அப்பா ஒரு கோடு போட்டார்,
ஸ்கேல் வைத்து.
ஜூன் வெயிலிலும் கறுப்புச் சட்டை.
காலரில் ரைஸ்மில் தவிடு.

சிஸ்டர் யூஜின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"ஜெபத்துக்கு நிப்பாளா?"
"நிப்பா. வாய் திறக்க மாட்டா."
"நிக்கட்டும், போதும்."
கோட்டின் மேல் எதையும் எழுதாமல்
முத்திரை குத்தினார்.
அறிவுக்கொடி என்கிற நான்
தேவகோட்டை புனித மோனிக்கா பள்ளியில்
ஆறாம் வகுப்பு, வரிசை எண் மூன்று.

பன்னிரண்டுக்கு மூவேளை மணி அடிக்கும்.
அடைக்கலமேரி சிலுவை போடுவாள்.
ஹபீபா தலைத்துணியைச் சரிசெய்வாள்.
நான் ஜன்னல் வழியே
ஊரணிக் கொக்குகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.
ஒரு நிமிடம்
நாற்பத்தோரு பேர் பேசாமல் இருந்தோம்.
வேறெங்கும் எனக்கு அது வாய்த்ததில்லை.
வீட்டிலோ அப்பா ஓயாமல் பேசுவார்,
பெரும்பாலும் சரியாகவே.

கழிப்பறை கழுவுவதும் வரிசை எண்படிதான்.
வள்ளிக்கண்ணுவின் முறை வந்தபோது
அவள் அம்மா காரில் வந்திறங்கினார்.
இந்தத் தெருவில் முன்வாசலும்
அடுத்த தெருவில் பின்வாசலுமாய்க் கிடக்கும் வீடு அவர்களுடையது.
"எங்க பிள்ளை இதைத் தொடவா பீஸ் கட்டுறோம்?
எங்கே உங்க பெரிய சிஸ்டர்?"

பினாயில் வாளியோடு உள்ளேயிருந்து வந்தார் அவர்.
அங்கி இடுப்பில் செருகியிருந்தது.
முழங்கை வரை ஈரம்.
"வியாழன் என் முறை ஆச்சி.
நாளைக்குத்தான் அவ."

கார் உறுமிக்கொண்டே நின்றது.

வெள்ளிக்கிழமை வள்ளிக்கண்ணு வந்தாள்,
அழுது வீங்கிய முகத்தோடு.
அடுத்த அறையில் சவரியாயி.
நகராட்சியில் அவள் அப்பாவுக்கு இதுதான் வேலை.
"பிரஷ்ஷை அப்படிப் பிடிக்காதே,
உன் மேலேயே தெறிக்கும்."
அதற்குமுன் அவர்கள் இருவரும் பேசி
நான் கேட்டதில்லை.

உடனே யாரும் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாம்.
அதே கோயிலின் கல்லறையில்
சாதிக்கென்று ஒரு சுவர் இருந்தது.
சவரியாயியின் தாத்தா அந்தப் பக்கம்.
எட்டாம் வகுப்பில், அப்பாவின் குரலை இரவல் வாங்கி,
சிஸ்டரிடமே கேட்டேன்.
"ஆமா, இருக்கு.
எனக்கு வெட்கமா இருக்கு."
பதில் தெரியாத பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.
வெட்கப்படுகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது அங்கேயே வேதியியல் எடுக்கிறேன்.
என் பணிப்பதிவேட்டிலும் அந்தக் கோடு இருக்கிறது,
ஸ்கேல் வைக்காமல் போட்டது.

இன்று பெற்றோர் கூட்டம்.
காரைக்குடி செக்காலையிலிருந்து வந்த ஒருவர் எழுந்தார்.
நீதிபோதனை பீரியடை எடுத்துவிட்டு
நீட் கோச்சிங் வைக்க வேண்டுமாம்.
கழிப்பறைக்கு ஆள் போடக் காசு தருகிறாராம்.
"மதச்சார்பற்ற நாட்டுல எதுக்குங்க இதெல்லாம்?"

அந்த பீரியட் கிடைத்தால் எனக்கும் நல்லதுதான்.
கரிம வேதியியல் பாதியில் நிற்கிறது.
அவர் பேச்சில் பாதி என் அப்பா பேசியது.
மீதியில் அப்பா இல்லை.
அப்பா கடவுளைத்தான் கேள்வி கேட்டார்,
வாளியை அல்ல.

மணி அடித்தது.
அவர் நிறுத்தவில்லை.
வராந்தாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர்
வாளிகளை இறக்கிவைத்து நின்றார்கள்.
ஒருத்தி சிலுவை போட்டாள்.
மற்றவள் ஊரணிப் பக்கம் பார்த்தாள்.
இப்போது அங்கே தண்ணீரும் இல்லை, கொக்கும் இல்லை.
இருந்தாலும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்,
உதடு அசையாமல்.

அடுத்த மாதம் பேசலாம் என்று கலைந்தார்கள்.
யாரும் என்னைக் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
பதிவேட்டின் பின்னட்டையில்
ஆசிரியர்களின் முறைப்பட்டியல் ஒட்டியிருந்தது.
என் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டு,
இன்று என்ன கிழமை என்று
பக்கத்து நாற்காலியில் கேட்டேன்.